அக்கா எழுதினா அப்படியே முழுங்கணுமா?

வா ராசா, திண்ணையில ஏறி உக்காரு. பத்திரிகைக்குள்ள தலைய விட்டு என்னத்த அம்புட்டு மும்முரமா வாசிக்கிற? சினிமாவுல பொம்பளையாளுகள எப்படிக் காட்டுறாகன்னு பெண்ணியக் கட்டுரையா? பேஷ். வாசிக்கத்தான் வேணும். ஒரு வரி வாசிக்காமலே "இவளுகளுக்கு வேற சோலி இல்ல"ன்னு மீசைய முறுக்கிக்கிட்டுப் போறானே ஒருத்தன், அவனுக்கு நீ எம்புட்டோ தேவல.

ஆனாலும் உன்னையப் பாத்தா எனக்குச் சிரிப்பாணியா வருது. ஒரு படம் வந்தப்ப மொத ஆட்டத்துக்கே ஓடுன. வாரக்கணக்கா அதுல வர்ற பாட்டத்தான் முணுமுணுத்துக்கிட்டுத் திரிஞ்ச. நேத்து ராத்திரி அதப் பத்திக் கட்டுரை ஒண்ணு வாசிச்ச. விடிஞ்சதும் வந்து, "தாத்தா, அந்தப் படம் ரொம்ப ப்ராப்ளமாட்டிக்"ங்குற. எந்த இடத்துலய்யா ப்ராப்ளம்னு கேட்டா முழிக்கிற. "மொத்தமாவே அப்படித்தான்"ங்குற. படம் பாக்கும்போது டைரக்டரு கண்ணால பாத்த. கட்டுரை வாசிக்கும்போது அக்கா கண்ணால பாக்குற. உன் மூஞ்சியில ரெண்டு இருக்கே, அது எதுக்கு? கூலிங் கிளாஸ் மாட்டவா?

சினிமாக்காரன் காட்டுறத அப்படியே முழுங்காதீகன்னுதான் அந்த அக்காமாரு எழுதவே ஆரம்பிச்சாக. எங்க கட்டுரைய மட்டும் முழுங்குங்கன்னு எந்த அக்காவாச்சும் சொன்னாளா?

"உமக்கென்ன தெரியும்"னு மனசுக்குள்ள நெனைக்கிற. தெரியுது. ஏலே, நான் டூரிங் கொட்டகையில டிக்கெட்டுக் கிழிச்சவன். மணல் தரை. நடுவுல இடுப்பு உசரத்துக்கு ஒரு தடுப்பு. இங்கிட்டு ஆம்பளைக, அங்கிட்டுப் பொம்பளைக. படம் ஓட ஆரம்பிச்சதும் நான் அந்தத் தடுப்போரமாப் போயி நிப்பேன். ஒரே திரை, ஒரே படம். ஆனா ரெண்டு பக்கமும் சேந்து சிரிச்சு நான் பாத்ததில்ல. கதாநாயகி சேலையப் பிடிச்சு ஒருத்தன் இழுப்பான். இங்கிட்டு விசில் பறக்கும். அங்கிட்டு, "நாசமாப் போவான், கை வெளங்குமா"ன்னு வசவு பறக்கும். மாமியாக்காரி வாசப்படியில வழுக்கி விழுவா. அங்கிட்டுக் கொட்டகையே அதிரும். இங்கிட்டு, இதுல என்ன சிரிப்புன்னு ஒருத்தன ஒருத்தன் பாத்துக்குவான். பெண்ணியம்ங்கிற பேரு எங்க ஊருக்கு பஸ் ஏறி வர்றதுக்கு வெகுகாலம் முன்னாடியே, படம் ஒண்ணா இருந்தாலும் பாக்குற கண்ணு ரெண்டு விதம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் எழுதல. எழுதியிருந்தா எனக்கும் ரெண்டு பல்கலைக்கழகத்துல பொன்னாடை போத்தியிருப்பாக.

1975ல இங்கிலாந்துல ஒரு அம்மா எழுதுனாக. லாரா மல்வின்னு பேரு. 'ஸ்க்ரீன்'னு ஒரு பத்திரிகையில. எம் பேத்தி காலேஜுல மீடியா படிக்கிறா, அவதான் வாசிச்சு வாசிச்சுச் சொன்னா. பாதிக் கட்டுரை மனோதத்துவ டாக்டர் ஃப்ராய்டு சங்கதி. அது எனக்கு ஏறல. மீதிப் பாதி நல்லா ஏறுச்சு. ஹாலிவுட்டு படத்துல பாக்குற வேலை ஆம்பளைக்கு, பாக்கப்படுற வேலை பொம்பளைக்குன்னு பிரிச்சு வச்சிருக்காக, கேமராவும் ஆம்பள கண்ணோட போயிச் சேந்துக்கிடுதுங்குறாக. ஹிட்ச்காக் படத்தையெல்லாம் பிரிச்சுப் போட்டுக் காட்டுறாக.

வெளிநாட்டுக் கதை எதுக்கு, நம்ம படத்த எடு. ஹீரோ வர்றான். மொதல்ல காலத்தான் காட்டுவான். செருப்பு, தூசி, அப்புறம் கைக்காப்பு, கடைசியாத்தான் மூஞ்சி. ஹீரோயின் வர்றா. அவளுக்கும் கால்லருந்துதான். கொலுசு, முட்டி, இடுப்பு, அப்புறம் மூஞ்சி. "ரெண்டு பேருக்கும் கால்லதானே ஆரம்பிக்கிறான், சமத்துவந்தானே தாத்தா"ங்குறியா? கோட்டிப் பயலே, நல்லாப் பாரு. அவன் கால் வந்தா எதையாச்சும் ஒதைக்கும். மூஞ்சி வர்றதுக்குள்ள நாலு பேரு தரையில கெடப்பான். இவ கால் வந்தா சும்மா நிக்கும். மூஞ்சி வர்ற வரைக்கும் இவ யாரு, எந்த ஊரு, என்ன சோலி பாக்குறா, ஒண்ணும் தெரியாது. அளவு மட்டும் தெரிஞ்சிருக்கும். மல்வியம்மா சொன்னது மெய்யா பொய்யான்னு பாக்க நீ லண்டனுக்குப் போக வேண்டாம். செல்லுல படத்தப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பாரு. நிறுத்துற பட்டன் பாட்டுக்கு மட்டுமா வச்சிருக்கான்?

நல்ல கட்டுரைன்னா இந்த வேலையத்தான் செய்யும். இன்ன படம், இன்ன காட்சி, கேமரா இங்கருந்து இங்க போகுது, அந்நேரம் அவ எங்க பாக்குறான்னு எடுத்துக் காட்டும். நீயும் பாக்கலாம், பாத்துட்டு "இல்லக்கா, அப்படி இல்ல"ன்னு மறுத்தும் பேசலாம். வெறும் கட்டுரை என்ன செய்யும்? 'ஆணாதிக்கக் கட்டமைப்பின் பொதுப்புத்தி சார்ந்த பெண்ணுடல் அரசியல்'னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிரும். மூச்சு வாங்குற நேரத்துல படத்தோட பேரு மட்டும் ஒருதரம் வரும். அதுல படத்தோட பேர அழிச்சிட்டு வேற படத்தோட பேரப் போடு. கட்டுரை அப்படியே பொருந்துதா? அப்ப அவுக படத்தப் பாத்துத்தான் எழுதணும்னு ஒண்ணும் அவசியமே இருந்திருக்காதே.

இன்னொண்ணு. அந்த மல்வியம்மாவே 1981ல திரும்பி வந்து, பாக்குறவ பொம்பளையா இருந்தா என்ன ஆகும்னு இன்னொரு கட்டுரை எழுதுனாக. நம்மாளுக பல பேரு 1975லயே எறங்கிக்கிட்டாக. 1992ல அமெரிக்காவுல பெல் ஹூக்ஸ்னு ஒரு கறுப்பின அம்மா கேட்டாக: நீங்க பொம்பள பொம்பளங்குறீகளே, எந்தப் பொம்பளைய? திரையில மினுங்குறது பூராம் வெள்ளைக்காரியா இருக்கும்போது, கறுப்புப் பொம்பளைக அதுல எங்க போயி ஒட்டிக்கிட முடியும்? தள்ளி நின்னு, ஏத்துக்கிடாமப் பாத்துப் பழகுனவுகளும் இருக்காக, அவுக பார்வையும் கணக்குல வரணும்னாக. அம்புட்டும் நியாயம். நம்ம படத்துலயும் கதாநாயகிக்கு ஓரமா தோழின்னு ஒருத்தி நிப்பா, பாத்திருக்கியா? பெரும்பாலும் நம்ம வீட்டுப் பிள்ளைக நெறத்துல இருப்பா. அவளுக்கு அப்பன் ஆத்தா கெடையாது, ஊரு கெடையாது, கடைசி ரீல்ல என்ன ஆனான்னும் தெரியாது. கதாநாயகிய எப்படிக் காட்டுனாகன்னு பத்துப் பக்கம் எழுதுறவுக, அந்தத் தோழிக்கு ஒரு வரி குடுத்திருக்காகளான்னு பாரு. குடுக்கலைன்னா கேமரா செஞ்சதத்தான் பேனாவும் செஞ்சிருக்கு.

குரலையும் கேளு. '96' படத்துல திரிஷா பேசுனப்ப உருகுனியே, அந்தக் குரல் சின்மயி குரல். நம்ம சினிமாவுல கதாநாயகிக்கு மூஞ்சி ஒருத்தி, குரல் இன்னொருத்தி, இது காலங்காலமா நடக்குது. கதாநாயகனுக்கு அப்படி இரவல் குரல் குடுக்குறது ரொம்பக் கொறச்சல். இது எந்தக் கட்டுரையிலயாச்சும் வருதா? அபூர்வமா வருது. வந்தா அந்தக் கட்டுரைய ரெண்டு தரம் வாசி.

சரி, இப்ப இந்தப் பரீட்சைக்கு வருவோம். நீ கூட அன்னைக்கு மார்க்குப் போட்டுக்கிட்டிருந்தியே, பெக்டெல் பரீட்சை. படத்துல ரெண்டு பொம்பளைக இருக்கணும், அவுக ஒருத்திக்கொருத்தி பேசிக்கணும், அந்தப் பேச்சு ஆம்பளையப் பத்தி இல்லாம வேற எதைப் பத்தியாச்சும் இருக்கணும். மூணும் இருந்தா பாஸு. இதுக்குப் பரீட்சைன்னு பேரு வச்சதும் ஏதோ சர்க்காரு கமிட்டி போட்டுக் கண்டுபிடிச்சதுன்னு நெனச்சியா? 1985ல அலிசன் பெக்டெல் வரைஞ்ச ஒரு கார்ட்டூன்ல வந்த கிண்டல் அது. ரெண்டு பேரு கொட்டகைப் பக்கமா நடந்து போறாக. ஒருத்தி இந்த மூணு நிபந்தனையச் சொல்லி, கடைசியா நான் பாக்க முடிஞ்ச படம் 'ஏலியன்'தாங்குறா. அது வந்தது 1979ல! கடைசியில ரெண்டு பேரும் படமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு வீட்டுக்குப் போயிச் சோளப்பொரி பொரிக்கலாம்னு கெளம்பிருறாக. யோசனை என்னோடது இல்ல, சிநேகிதி லிஸ் வாலஸ் சொன்னதுன்னு பெக்டெல் அம்மா அப்பவே பேரும் போட்டிருக்காக. நல்ல மனசு.

கிண்டல் நல்ல கிண்டல். இம்புட்டுச் சின்ன நிபந்தனைக்கே இம்புட்டுப் படம் தேறலையேன்னு சொல்லத்தான் அது வந்துச்சு. நம்மாளுக அதைப் பிடிச்சு முத்திரைக் கட்டை ஆக்கிட்டாக. 2013ல ஸ்வீடன்ல நாலு தியேட்டருக்காரக, தேறுன படத்துக்கு முத்திரையே போட்டாக. அதே வருசம் 'கிராவிட்டி' வந்துச்சு. ஒத்தப் பொம்பள, ஆகாசத்துல அத்துவானமா மாட்டிக்கிட்டு, ஒத்தையா உசுரக் காப்பாத்திப் பூமிக்கு வந்து சேருறா. பரீட்சையில ஃபெயிலு. ஏன்னா பேச்சுத்துணைக்கு அங்க இன்னொரு பொம்பள இல்ல. மரக்கா நெல்ல அளக்கும் ராசா. சோறு ருசியா இருக்குமான்னு மரக்காகிட்டயா கேப்ப?

இப்ப நம்ம வீட்டுச் சீரியலுக்கு அந்தப் பரீட்சைய வையி. மாமியாளும் மருமகளும் பேசுறாக. எதைப் பத்தி? சொத்துப் பத்திரம் பத்தி. பால்ல கலந்த விசத்தப் பத்தி. பீரோச் சாவியப் பத்தி. ஆம்பளப் பேச்சே இல்ல. வீட்டு ஆம்பள சோபாவுல ஓரமா ஊமையா உக்காந்திருப்பான். பரீட்சையில நூத்துக்கு நூறு! தெனம் ராத்திரி நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு பெண்ணியம் பொங்கி வழியுதுன்னு எழுதிக்கிடலாமா? பாஸான படம் நல்ல படமும் இல்ல, ஃபெயிலான படம் கெட்ட படமும் இல்ல. நூறு படத்த மொத்தமா அளந்து, சினிமாத் தொழிலு எப்படி இருக்குன்னு பாக்க அது ஒதவும். ஒத்தப் படத்துக்கு அதை வச்சுத் தீர்ப்பு எழுதுறவுக சோம்பேறி. மார்க்கு மட்டும் போட்டிருக்கிற கட்டுரையக் கண்டா பக்கத்தப் பெரட்டு.

சீரியல்னதும் உன் ஒதடு கோணுது பாத்தியா. "அதையெல்லாம் பாக்குறவுகளுக்கு விழிப்புணர்வு இல்ல தாத்தா"ம்ப. இந்த விழிப்புணர்வுங்கிற சொல்லு இருக்கே, அது எப்பவும் அடுத்த வீட்டுக்காரிக்குத்தான் இல்லாமப் போகும். ஹாலந்துல இயன் ஆங்னு ஒரு அம்மா. 'டல்லஸ்'னு அமெரிக்கச் சீரியல் ஊரெல்லாம் ஓடுன காலம். எண்ணெய்ப் பணக்கார வீட்டு அடிபிடி. படிச்சவுகள்லாம் குப்பைன்னு திட்டுறாக, சனம் விடாமப் பாக்குது. இந்தம்மா என்ன செஞ்சாக? ஒரு பெண்கள் பத்திரிகையில விளம்பரம் குடுத்தாக. எனக்கு இந்தச் சீரியல் பிடிக்கும், ஆனா அதைச் சொன்னா ஒரு மாதிரியாப் பாக்குறாக, உங்களுக்கு எப்படின்னு எழுதுங்கன்னு. 42 கடுதாசி வந்துச்சு. அந்த 42 கடுதாசிய வச்சு ஒரு புஸ்தகமே எழுதிட்டாக. டச்சுல 1982, இங்கிலீசுல 1985. அந்த மாளிகையும் காரும் பொய்யின்னு எழுதுனவுகளுக்கெல்லாம் தெரியும், ஆனா அந்த வீட்டு அழுகை எங்க அழுகைதான்னு பல பேரு சொன்னாகளாம். மண்டபத்துல உக்காந்து யோசிச்சா இது கெடைக்குமா?

1984ல அமெரிக்காவுல ஜானிஸ் ராட்வேன்னு இன்னொரு அம்மா புஸ்தகம் போட்டாக. அதுக்காக, மாத நாவல் மாதிரி காதல் கதை வாசிக்கிற பொம்பளைகளத் தேடிப் போனாக. ஊருப் பேரக் கூட மாத்திப் போட்டு அவுகளக் காப்பாத்துனாக. கதைக்குள்ள என்னவோ பழைய சங்கதிதான், கடைசியில ஆம்பளையக் கட்டிக்கிடுறதுதான். ஆனா புஸ்தகத்தக் கையில எடுத்தா, "இந்நேரம் எனக்கு, பிள்ளையும் புருசனும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு சொல்லாமச் சொன்னதா ஆகிப்போகுதாம். எங்க வீட்டுக் கெழவியும் அப்படித்தான். சீரியல் ஓடுற நேரத்துல என் தலையில இடி விழுந்தாலும் காப்பி கெடைக்காது. வெளம்பரம் வந்தா கேட்டுப் பாக்கலாம். அதுவும் கேக்கலாம்னு மட்டுந்தான். ராட்வே அம்மா அதோட விட்டுறல. அந்தக் கதை அவுக கோபத்தையும் ஆத்திப் பழையபடி அடுப்படிக்கே அனுப்பிருதேன்னும் எழுதுனாக. கேட்டுட்டு எழுதுறவுக அப்படித்தான். சனத்தக் கும்பிடவும் மாட்டாக, கொறைச்சும் பேச மாட்டாக. நம்ம எழுத்தாளர் அம்பையம்மா இருக்காகளே, அவுக 1988ல மும்பையில இன்னும் சில பேரோட சேந்து ஸ்பாரோன்னு ஒரு காப்பகம் தொடங்குனாக. பொம்பளைக பேசுறதப் பதிஞ்சு வைக்கிறதே அங்க பெரிய சோலி. நீ வாசிக்கிற கட்டுரையில படம் பாத்த ஒரு பொம்பளையோட பேச்சு ஒண்ணாச்சும் இருக்கான்னு தேடு.

ஒட்டுற சீட்டுப் பத்தியும் சொல்லிருறேன். நேதன் ராபின்னு ஒரு அமெரிக்க எழுத்தாளரு. 2007ல ஒரு படத்த விமர்சிக்கும்போது, சோகமா இருக்கிற ஹீரோவச் சிரிக்க வைக்கிறதுக்குன்னே பொறந்த கோமாளிக் கதாநாயகிக்கு ஒரு பட்டப்பேரு வச்சாரு. நல்ல பேரு. ஊரெல்லாம் பிடிச்சுக்கிட்டு, துறுதுறுன்னு ஒருத்தி திரையில வந்தாலே அந்தச் சீட்ட ஒட்டுனாக. 2014ல அவரே வந்து, இத நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. நமக்கு அம்புட்டுத் தூரம் போக வேண்டாம், 'லூசுப் பொண்ணு'ன்னு நாமளே ஒண்ணு வச்சிருக்கோம். மழையில ஆடும், ஐஸ்கிரீம் கேக்கும், வங்கிக் கணக்குத் தொறக்கத் தெரியாது. வச்ச பேரு நியாயந்தான். ஆனா சத்தமாச் சிரிக்கிற பிள்ளைக்கெல்லாம் அந்தப் பேரா? ஊருல பொட்டப்பிள்ள சத்தமாச் சிரிச்சா அதட்டுறதுக்கு அத்தைக்காரி இருக்கா. அதுக்குப் பெண்ணியக் கட்டுரையும் வேணுமாக்கும்.

அந்தப் பத்திரிகையக் குடு, பாக்குறேன். எட்டாம் பக்கத்துல நீ வாசிச்ச கட்டுரை. திரைப்படம் பெண்ணுடலைப் பண்டமாக்குகிறதுன்னு. சரி. நடுப்பக்கத்தப் பிரி. ஆங். பின் பிடுங்கி எடுக்கத் தோதா நடிகை படம். கட்டுரை எழுதுன அக்கா மேல குத்தமில்ல, அவுகளுக்கு எட்டாம் பக்கந்தான் குடுத்தாக. ஆனா ரெண்டையும் ஒரே ஊக்குப் போட்டுத் தச்சது யாரு, எந்தப் பக்கத்துக்காக நீ காசு குடுத்த? எனக்குச் சொல்ல வேண்டாம், மனசுக்குள்ள வச்சுக்க.

ஏ தாயி, தெருவுல நின்னு சிரிக்காத. உனக்கும் சேத்துத்தான். தாத்தா பெண்ணியத்தக் கிண்டல் பண்றாருன்னு உன் கூட்டாளிப் பயலுக நாளைக்கு என் பேரச் சொல்லிக்கிட்டு வந்துருவானுக. அவனுககிட்ட இதையும் சொல்லு. வேண்டாங்குற பிள்ளைய வெரட்டிக்கிட்டே போனா அது காதல்னு நம்ம சினிமா எம்புட்டு வருசமாப் பாட்டுப் பாடிப் பாடம் நடத்துச்சு? பஸ்ஸ்டாண்டுல மறிக்கிறது, கைய அறுத்துக் காட்டுறது, அவ வீட்டு வாசல்ல போயி நிக்கிறது. நாங்க காசு குடுத்துக் கைதட்டுனோம். 2016ல 'ரெமோ' வந்துச்சு. நிச்சயமான பிள்ளைய மயக்க ஒருத்தன் நர்சு வேசம் போட்டு அவ வேலை பாக்குற ஆஸ்பத்திரிக்குள்ளயே நுழைஞ்சிருறான். அதுக்குப் பேரு காமெடி. மத்தவுக வயிறு குலுங்கச் சிரிச்சப்ப, "நில்லுங்க, அந்தப் பிள்ள எடத்துல உங்க மகள வச்சுப் பாருங்க"ன்னு விடாமச் சொன்னது யாரு? இந்தப் பெண்ணியம் எழுதுறவுகதான். இதச் சொல்றதுக்கு ஒரு தத்துவமும் வேண்டாம், ஊரு அறிவு போதும். அந்த ஊரு அறிவு ஊருக்காரன் நமக்கு ஏன் வராமப் போச்சுன்னு அந்த மீசைக்காரப் பயலக் கேளு.

2021ல மலையாளத்துல 'தி கிரேட் இண்டியன் கிச்சன்' வந்துச்சு, ஜியோ பேபி எடுத்தது. பின்னால தமிழ்லயும் எடுத்தாக. அதுல என்ன கதை? ஒரு வீட்டு அடுப்படி. நறுக்குறா, வதக்குறா, பரிமாறுறா, வழிக்கிறா. ஆம்பளைக ரெண்டு பேரும் மென்ன முருங்கைச் சக்கைய இலையிலயோ தட்டுலயோ போடாம மேசை மேல துப்பி வச்சிட்டு எந்திரிச்சுப் போறாக. மாமனாருக்குச் சோறு குக்கர்ல வேகக் கூடாது, துணி மிசின்ல துவைக்கக் கூடாது. பாத்திரம் கழுவுற தொட்டிக் குழாய் ஒழுகுது. ஆளக் கூட்டிட்டு வாங்கன்னு அந்தப் பிள்ள சொல்லுது. புருசன் "சரி"ங்குறான். குழாய் ஒழுகுது. இன்னொருக்காச் சொல்லுது. ஒழுகுது. சாக்கை வச்சு ஈரத்த ஒத்தி எடுத்து, அழுக்குத் தண்ணிய வாளியில பிடிச்சு ஊத்துது. அந்தப் படத்தப் பத்தி எழுதுனவுகள்ல, சமயம், சடங்கு, பெண் விடுதலைன்னு வானத்தப் பாத்து எழுதுனவுகளும் உண்டு, அந்தக் குழாய்கிட்டக் குனிஞ்சு பாத்து எழுதுனவுகளும் உண்டு. குனிஞ்சு பாத்தவுகள வாசிச்சிட்டு உன் வீட்டு அடுப்படிக்குப் போயிப் பாரு. போயிருக்கியா என்னைக்காச்சும்?

திரையில தெரியுறவளப் பத்தியே பேசிக்கிட்டிருந்தா, திரைக்குப் பின்னால நிக்கிறவ மறந்துபோகும். கேரளாவுல நடிகைமாரும் மத்த வேலை பாக்குற பொம்பளையாளுகளும் சேந்து 2017ல ஒரு கூட்டமைப்பு அமைச்சு அரசாங்கத்துகிட்டப் போயிக் கேட்டாக. ஓய்வு பெற்ற நீதிபதி ஹேமா தலைமையில கமிட்டி போட்டாக. அறிக்கை 2019 டிசம்பர்ல போயிருச்சு. வெளிய வந்தது 2024 ஆகஸ்டுல. நாலு வருசத்துக்கு மேல பீரோவுக்குள்ள தூங்கிருக்கு. பாலியல் தொந்தரவெல்லாம் பேப்பர்ல பெருசா வந்துச்சு, வரவேண்டியதுதான். அதுலயே இன்னொண்ணும் இருந்துச்சு. படப்பிடிப்பு எடத்துல பொம்பளையாளுகளுக்குக் கக்கூஸ் இல்ல. துணி மாத்த மறைவு இல்ல. தண்ணி குடிச்சா ஒதுங்க எடமில்லையேன்னு நாள் முழுக்கக் குடிக்காமலே இருந்து நோவு வாங்குனவுக இருக்காக. யோசிச்சுப் பாரு. அவ நடிச்ச காட்சியில சுதந்திரப் பறவையா மலை உச்சியில கைய விரிச்சு நிக்கிறா. கட்டுரையில "அதிகாரம் பெற்ற பெண்ணின் குறியீடு"ன்னு எழுதுறாக. அவளோ எப்படா பேக்கப் சொல்லுவான்னு அடக்கிக்கிட்டு நிக்கிறா. அந்தக் கூட்டமைப்புப் பொம்பளைக கேட்டது குறியீடு இல்ல, கதவும் தாப்பாளும். எனக்கு அவுக பெண்ணியந்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

இன்னும் ஒரு சிக்கலு இருக்கு, அதையும் கேட்டுக்க. கதை ஒண்ணு சொல்லும், சனம் மனசுல வேற ஒண்ணு தங்கும். 'பட்டிக்காடா பட்டணமா' பாத்திருக்கியா? 1972. லண்டன்ல படிச்சிட்டு வந்த பொண்டாட்டிய, சோழவந்தான் பக்கத்துப் பட்டிக்காட்டுப் புருசன் வழிக்குக் கொண்டுவர்ற கதை. சிவாஜி புருசன். அடங்கிப் போற பொண்டாட்டியா நடிச்சது ஜெயலலிதா அம்மா. 1991ல அந்தம்மா கோட்டைக்குப் போயி உக்காந்தாக. மந்திரிமாரு அவுக முன்னால நிமிந்து நின்னத யாராச்சும் பாத்தாகளா? இத வச்சு, சினிமா சொல்றதெல்லாம் சும்மான்னு தள்ளிரவும் முடியாது. அந்தப் படத்தப் பாத்துட்டு எத்தனை வீட்டுல எத்தனை பொண்டாட்டிய அடக்குனானுகன்னு யாரு எண்ணி வச்சிருக்கா? ரெண்டையும் சேத்து யோசிக்கத் தெம்பு வேணும்.

'படையப்பா'வும் அப்படித்தான். 1999. திமிரு பிடிச்ச நீலாம்பரி தோத்துச் சாகுறா, அமைதியான வசுந்தரா ரஜினியக் கட்டிக்கிட்டு நல்லா இருக்கா. பொம்பளைன்னா இப்படி இருக்கணும்னு நடுவுல உபதேசம் வேற. பேத்திக்குக் காலேஜுல இந்தப் படத்தப் பத்தி எழுதச் சொல்லிருந்தாக. அடங்காத பொம்பளைய அடக்குற படம்னு மூணு பக்கம் எழுதி வச்சிருந்தா. தப்பில்ல, படம் அதத்தான் சொல்லுது. "ஆனா தாயி, ஊருல யாரையாச்சும் நிறுத்தி நீலாம்பரி யாருன்னு கேளு, ரம்யா கிருஷ்ணன் கால் மேல கால் போட்டு உக்காந்த மாதிரியே உக்காந்து காட்டுவாக. வசுந்தரா யாருன்னு கேளு, தலையச் சொறிவாக. அது ஏன்னு எழுதுனியா"ன்னேன். "நீங்க ஆம்பள, நீங்க சொல்லாதீங்க"ன்னுட்டா. நியாயந்தானே. "அப்ப உன் அப்பத்தாளக் கேளு"ன்னு அனுப்புனேன்.

கெழவி முருங்கைக் கீரை உருவிக்கிட்டிருந்தா. கையி நிக்கல. "அடக்குறதும் அடங்குறதும் கெடக்கட்டும்டி. அந்த நீலாம்பரி பதினெட்டு வருசம் ரூமுக்குள்ளயே கெடந்தால்ல? அவளுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோயி வச்சது யாரு? எச்சித் தட்டு எடுத்தது யாரு? அவ சேலைய அலசிக் காயப்போட்டது யாரு? இருந்த வேலைக்காரப் பிள்ள வசுந்தராவத்தான் ரஜினி கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்குப் பெறகு வேற எவளோ ஒருத்தி வந்து பதினெட்டு வருசம் மாடிப்படி ஏறி எறங்கிருக்கா. அவளுக்குச் சம்பளமாச்சும் ஒழுங்காக் குடுத்தாகளாமா? உங்க வாத்தியாரம்மாகிட்டக் கேட்டுட்டு வா"ன்னா.

பேத்தி மூணு பக்கத்தையும் மடிச்சு வச்சிட்டா. இப்ப உள்ள உக்காந்து மறுபடியும் படத்தப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, பின்னால தட்டு ஏந்திக்கிட்டு நிக்கிறவுகளத் தேடிக்கிட்டிருக்கா. நீயும் போயி உக்காரு. பேனா எடுத்துட்டுப் போ. போற வழியில அந்தக் கீரைத் தட்ட வாங்கி மிச்சத்த உருவிக் குடுத்துட்டுப் போ.